பூட்டிய கதவுக்குள் நோயாளி: இங்கிலாந்துச் சிறைச் செவிலியர் நேர்காணலுக்குத் தயாராவது

என்.எம்.சி. பதிவு எண் கையில் இருக்கிறது. என்.எச்.எஸ். மருத்துவமனை ஒன்றில் வார்டு டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சிறை மருத்துவப் பிரிவுக்குச் செவிலியர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தீர்கள், நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. இந்த அத்தியாயம் உங்களுக்காக எழுதியது. ஊரில் அம்மாவிடம் சொன்னால் "ஜெயிலுக்குள்ளயா?" என்று பதறுவார். இடுப்பில் ரேடியோ, கூப்பிடு தூரத்தில் அதிகாரிகள், சுவரில் அலாரம் பொத்தான் என்று பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குள்தான் அங்கே வேலை நடக்கும் என்று அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு.

தேர்வுக் குழுவினர் எத்தனையோ விதமாகக் கேள்வி கேட்பார்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான். கதவு பூட்டியிருக்கிறது, நோயாளி சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் பொய்யாகவும் இருக்கலாம், டாக்டர் பக்கத்தில் இல்லை. அந்த நிலையிலும் நேரில் போய்ப் பார்த்து, பரிசோதித்து, முடிவெடுத்து, அதை எழுதி வைப்பீர்களா? இந்த நான்கையும் ஒவ்வொரு பதிலிலும் காட்டுகிறவருக்கு வேலை கிடைக்கும். "எனக்கு இரக்க குணம் அதிகம்" என்பவருக்கும் "நான் யாரையும் நம்ப மாட்டேன், ஸ்ட்ரிக்டாக இருப்பேன்" என்பவருக்கும் கிடைப்பது கடினம். இரக்கமும் சந்தேகமும் பரிசோதனைக்கு மாற்றாகிவிடக் கூடாது என்பதுதான் சிறைச் செவிலியத்தின் உயிர்நாடி.

எந்தச் சிறை என்று முதலில் பாருங்கள்

சிறை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே தடுமாறுகிறார்கள். வாண்ட்ஸ்வொர்த், பென்டன்வில் போன்றவை நீதிமன்றத்திலிருந்து நேரடியாக ஆட்களை ஏற்கும் சிறைகள். அங்கே தினமும் மாலையில் வேன் வந்து நிற்கும். போதை மருந்து விட்ட நடுக்கத்தோடும் மதுப் பழக்கத்தோடும் மனநோயோடும் ஆட்கள் இறங்குவார்கள். சி வகைப் பயிற்சிச் சிறையில் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, முதுமை என்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் போன்ற வேலை அது. டி வகைத் திறந்தவெளிச் சிறை இன்னும் அமைதியானது. பெண்கள் சிறையில் கர்ப்பம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, குடும்ப வன்முறையின் வடுக்கள் ஆகியவை முன்னால் வந்து நிற்கும். நீங்கள் போகும் இடம் இவற்றில் எது என்று தெரியாமல் "ஏன் இந்த வேலை?" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது.

இதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. சிறைகளுக்கான தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒவ்வொரு சிறையைப் பற்றியும் ஆய்வறிக்கை வெளியிடுகிறது. மருத்துவப் பகுதியைக் கேர் குவாலிட்டி கமிஷனோடு சேர்ந்து ஆய்வு செய்கிறார்கள். அந்தச் சிறையின் கடைசி அறிக்கையை எடுத்து உடல்நலம் பற்றிய பகுதியை முழுதாகப் படியுங்கள். பல் மருத்துவருக்கு எத்தனை வாரம் காத்திருக்கிறார்கள், மருந்து கொடுக்கும் வரிசையை அதிகாரிகள் சரியாகக் கண்காணிக்கிறார்களா, இரவில் செவிலியர் இருக்கிறாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். குறை சொல்லியிருந்தால் அதை நேர்காணலில் பணிவாக எடுத்துப் பேசலாம்: "கடைசி ஆய்வில் மருந்து வரிசை பற்றி ஒரு குறை எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது?" இப்படிக் கேட்கிற ஒருவரைக் குழுவினர் மறக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமான வாசிப்பு ஒன்று இருக்கிறது. மிகச் சிலரே அதைச் செய்கிறார்கள். சிறையில் நடக்கும் ஒவ்வொரு மரணத்தையும் சிறை மற்றும் நன்னடத்தைக் குறைதீர்ப்பாளர் விசாரித்து அறிக்கை வெளியிடுகிறார். மருத்துவச் சிகிச்சை எப்படி இருந்தது என்பதை ஒரு மருத்துவ ஆய்வாளர் தனியாக மதிப்பிடுவார். இந்த அறிக்கைகளில் இரண்டு மூன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மனம் கனக்கும். மீண்டும் மீண்டும் வரும் தவறுகள் கண்ணுக்குத் தெரியும்: வந்த அன்று கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, கூட வந்த காகிதத்தில் இருந்த எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை, நாடி பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது ஆனால் எண்கள் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தாமதம். தேர்வுக் குழுவின் கேள்விகள் பெரும்பாலும் இந்த மரணங்களிலிருந்துதான் பிறக்கின்றன. வேறெந்தக் கேள்வி வங்கியும் உங்களுக்கு இந்த அளவு உதவாது.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்கட்டும். முன்பு சிறை நிர்வாகமே தனக்கென மருத்துவப் பிரிவை நடத்தியது. 1996-இல் அன்றைய தலைமை ஆய்வாளர் டேவிட் ராம்ஸ்போதம் அதைக் கடுமையாக விமர்சித்து, பொறுப்பு என்.எச்.எஸ்.ஸிடம் போக வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 2006 ஏப்ரலுக்குள் அந்த மாற்றம் முடிந்தது. 2013 முதல் என்.எச்.எஸ். இங்கிலாந்து சேவையை ஒப்பந்தத்துக்கு விடுகிறது. ஆக்ஸ்லீஸ் போன்ற டிரஸ்ட்களும் பிராக்டிஸ் பிளஸ் குரூப் போன்ற நிறுவனங்களும் ஒப்பந்தம் எடுத்து நடத்துகின்றன. ஆகவே உங்கள் முதலாளி சிறை நிர்வாகம் அல்ல. நீங்கள் சுகாதாரத் துறை ஊழியர், வேலை செய்யும் இடம் மட்டும் சிறை. வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை உள்ளே இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளின் 24-ஆம் விதியிலும் இருக்கிறது. தண்டனை கொடுப்பதில் மருத்துவப் பணியாளருக்குப் பங்கு இல்லை என்பது 46-ஆம் விதி. இதை ஒப்பிக்கச் சொல்லவில்லை. மனதில் இருந்தால் பதில்களின் தொனி மாறும்.

கேட் வாசலில் பெயர்

விளம்பரத்தின் அடியில் விவரம் கேட்பதற்கு ஒரு மேலாளரின் பெயரும் எண்ணும் இருக்கும். நம்மவர்கள் அந்த எண்ணைத் தொடுவதில்லை, தொந்தரவாக நினைப்பார்களோ என்ற தயக்கம். கூப்பிடுங்கள். நேர்காணலுக்கு முன்பே சிறையைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். கதவுக்குக் கதவு நின்று பூட்டித் திறந்து போகும் அந்த மெதுவான நடையையும், விங்கில் எதிரொலிக்கும் சத்தத்தையும் ஒரு முறை அனுபவித்தவருக்கு நேர்காணலில் கற்பனையாகப் பேசும் அவசியம் வராது.

உள்ளே போக உங்கள் பெயரை முன்கூட்டியே கேட்டில் பதிவு செய்வார்கள். தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இங்கேதான். சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால், என்.எம்.சி. பதிவில் வேறொரு வரிசை, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். கேட்டில் நிற்கும் அதிகாரிக்கு இந்த விளக்கமெல்லாம் புரியாது. பட்டியலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இல்லையென்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மின்னஞ்சல் அனுப்பும்போதே பாஸ்போர்ட்டில் இருப்பது போல எழுத்து எழுத்தாகப் பெயரைக் கொடுங்கள். எந்த அசல் அடையாள அட்டை வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போனை உள்ளே எடுத்துப் போகக் கூடாது. அனுமதியின்றிக் கொண்டுபோவது சிறைச் சட்டப்படி குற்றம். ஸ்மார்ட் வாட்ச், சூயிங் கம் ஆகியவற்றையும் காரிலோ வாசலில் உள்ள லாக்கரிலோ வைத்துவிடுங்கள். கைப்பையின் ஏதோ ஒரு மூலையில் மறந்துபோன பென் டிரைவ் இருக்கும், அதையும் தேடி எடுங்கள். சோதனைக்கும் காத்திருப்புக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வாசலில் இருங்கள். உடை எளிமையாக இருக்கட்டும். கழுத்தில் இறுக்கமாகச் சுற்றும் ஷால், நீளமான சங்கிலி வேண்டாம்.

மாலை வேனில் வந்தவர்

இனி கேள்விகளுக்கு வருவோம். நீதிமன்றத்திலிருந்து ஆட்களை ஏற்கும் சிறைகளில் கிட்டத்தட்ட நிச்சயமாக வரும் கேள்வி இது: "இன்று மாலை முதன்முறையாகச் சிறைக்கு வந்திருக்கும் ஒருவரைப் பரிசோதிக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?"

இதில் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் முழு வேலையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட என்ஜி57 வழிகாட்டுதலின்படி, வந்தவரை அறைக்கு அனுப்பும் முன்பே முதல் உடல்நலப் பரிசோதனை நடக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனை 7 நாட்களுக்குள். முதல் பரிசோதனையின் நோக்கம் எளிமையானது. இன்றிரவு இவர் உயிரோடும் பாதுகாப்பாகவும் இருப்பாரா என்று பார்ப்பது.

மனக்கண்ணில் ஒருவரை நிறுத்துங்கள். நாற்பது வயதிருக்கும். தண்டனை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். "ஐ ஆம் ஃபைன், மிஸ்" என்கிறார். காகிதக் கோப்பையை எடுக்கும்போது கை நடுங்குகிறது, தண்ணீர் விளிம்பில் தளும்புகிறது. நெற்றியில் வேர்வை. தினமும் வோட்கா குடிப்பதாகக் கேட்ட பிறகு சொல்கிறார். கடைசியாகக் குடித்தது நேற்றிரவு. இங்கே நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மது நின்ற 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் குழப்பமும் வரலாம். நாடி, ரத்த அழுத்தம், சுவாசம், வெப்பநிலை, ஆக்ஸிஜன், நினைவுநிலை எல்லாம் எடுத்து நியூஸ்2 மதிப்பெண் போடுகிறேன். மது விலகல் அளவுகோலைப் போடுகிறேன். ஹெராயின் பழக்கம் உண்டா என்று தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் கொடுக்கும் மருந்தின் ஆபத்து கூடும். பணியில் உள்ள டாக்டரையோ மருந்து எழுதும் உரிமை உள்ள செவிலியரையோ இன்றிரவே அழைத்துச் சிகிச்சை தொடங்கச் சொல்கிறேன். இரவில் பார்த்துக்கொள்ளும் வசதி உள்ள விங்குக்கு அனுப்புகிறேன். இரவு எத்தனை முறை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதி, இரவு அதிகாரியிடமும் வாயால் சொல்கிறேன்.

பிறகு, எழுந்திருக்கும் முன் நேராகவே கேளுங்கள்: தற்கொலை எண்ணம் வருகிறதா? முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது போன் பண்ண வேண்டுமா? சிறையின் முதல் இரவும் முதல் சில நாட்களும் ஆபத்தானவை. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று தயங்குவது நம்மிடம் உண்டு. கேட்பது தூண்டாது. கேட்கிறவரிடம்தான் பலர் வாய் திறப்பார்கள்.

வந்தவர் "ஆமாம்" என்றால் நீங்களே ஆக்ட் கோப்பைத் திறக்கலாம். ஆரஞ்சு நிற அட்டை போட்ட கோப்பு அது. தற்கொலை, தன்காய ஆபத்தில் உள்ளவரைச் சிறை முழுதும் சேர்ந்து கவனிப்பதற்கான முறை. எந்தப் பணியாளரும் திறக்கலாம், மேலாளரின் அனுமதி தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் உடனடித் திட்டம், 24 மணி நேரத்துக்குள் முதல் கூட்டாய்வு. "மனநலப் பிரிவுக்கு ரெஃபர் பண்ணுவேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். ரெஃபரல் நாளை பார்க்கப்படும், ஆபத்து இன்றிரவு இருக்கிறது.

மருந்து ஜன்னல்

காலையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன் வரிசை நிற்கும். ஒருவர், "வெளியில் என் டாக்டர் பிரிகாபலின் கொடுத்துக்கொண்டிருந்தார், இங்கே நிறுத்திவிட்டீர்கள், வலி தாங்க முடியவில்லை" என்று கத்துகிறார். என்ன செய்வீர்கள்?

பிரிகாபலினும் காபாபென்டினும் 2019 ஏப்ரல் முதல் பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சிறைக்குள் அவை பணம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மிர்டாசபின்கூட கைமாறும். ஆனால் வலியும் உண்மையாக இருக்கலாம். ஆகவே நல்ல பதில் இப்படிப் போகும்: ஜன்னலில் நின்று வாக்குவாதம் செய்ய மாட்டேன். அவரைத் தனியாகப் பார்க்க இன்றைக்கே ஒரு நேரம் சொல்வேன். அவர் சம்மதத்தோடு சம்மரி கேர் ரெக்கார்டையும் வெளி மருத்துவரின் பதிவையும் சரிபார்ப்பேன். வலியை முறையாக மதிப்பிடுவேன். திடீரென நிறுத்தப்பட்டிருந்தால் அதன் பின்விளைவு இருக்கிறதா என்று பார்ப்பேன். மருந்து எழுதுபவரிடம் எடுத்துச் செல்வேன். வரிசையில் யாராவது அவரை மிரட்டி மருந்தைப் பிடுங்குகிறார்களா என்றும் கவனிப்பேன், இருந்தால் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவேன்.

இந்தக் கடைசி வாக்கியம் பலருக்குத் தோன்றுவதில்லை. மருந்து கேட்டு அழுத்தம் கொடுப்பவரே கடன்பட்டு அடி வாங்குபவராகவும் இருக்கலாம்.

மெதடோன் கொடுப்பது பற்றிக் கேட்டால் படிப்படியாகச் சொல்லுங்கள்: அடையாளம் சரிபார்ப்பது, மயக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பது, குடிக்கும்வரை கண்ணெடுக்காமல் நிற்பது, பிறகு தண்ணீர் குடிக்கவைத்துப் பேசவைப்பது, கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேட்டில் சாட்சியோடு எழுதுவது. ஊரில் காசநோய் மையத்தில் நோயாளி மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நின்று பார்த்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. அந்த அனுபவத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள், வேலை அதேதான்.

கோட் புளூ

இரவு இரண்டு மணி. ரேடியோவில் "கோட் புளூ, பி விங்" என்று கேட்கிறது. மூச்சு, இதயம், வலிப்பு, மயக்கம் சார்ந்த அவசரம் கோட் புளூ. கடும் ரத்தப்போக்கும் தீக்காயமும் கோட் ரெட். 2013-இல் சிறைத் துறை வெளியிட்ட விதிப்படி, கோட் அறிவித்த உடனேயே கட்டுப்பாட்டறை ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். செவிலியர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும் என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே காட்டுங்கள்.

அவசரப் பையோடு போகிறீர்கள். கதவு இன்னும் பூட்டியிருக்கிறது. இரவில் விங்கில் ஒரே அதிகாரிதான். அவரிடம் சீல் வைத்த உறையில் ஒரு சாவி இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் நிலைமையை எடைபோட்டு அவர் அதை உடைத்துத் திறக்கலாம். கதவைத் திறப்பது அவர் முடிவு. உள்ளே என்ன தெரிகிறது, எவ்வளவு அவசரம் என்று சிறு ஜன்னல் வழியே பார்த்துத் தெளிவாகச் சொல்வது உங்கள் வேலை. தூக்கில் தொங்குகிறார் என்றால் உடலைத் தாங்கிப் பிடிக்க ஒருவர், அதிகாரியிடம் இருக்கும் வளைந்த பாதுகாப்புக் கத்தியால் அறுக்க ஒருவர், தரையில் கிடத்தியவுடன் மூச்சுப்பாதை, மார்பு அழுத்தம், ஏ.இ.டி. மயக்கமாகக் கிடந்து, மூச்சு மெதுவாக, கண்மணி ஊசிமுனை அளவில் இருந்தால் நலோக்சோன். ஸ்பைஸ் எனப்படும் செயற்கைக் கஞ்சா போன்றவற்றுக்கு நலோக்சோன் வேலை செய்யாது, ஆனால் ஓபியாய்டு கலந்திருக்கும் சந்தேகம் இருந்தால் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இங்கே நம் ஊர்ப் பயிற்சியிலிருந்து ஒரு பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. நாம் டூட்டி டாக்டருக்கு போன் போட்டு ஆர்டர் வாங்கிப் பழகியவர்கள். சிறையில் இரவு டாக்டர் கட்டடத்திலேயே இருக்க மாட்டார். "டாக்டருக்குச் சொல்வேன்" என்று ஆரம்பிக்கும் பதில் குழுவினருக்குக் கவலை தரும். முதலில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், பிறகு யாரிடம் எஸ்.பி.ஏ.ஆர். முறையில் சொன்னீர்கள் என்று வரிசையாக வரட்டும். அதோடு, கூட்டு வேலையைப் பணிவோடு "வார்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம்" என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மதிப்பெண் தாளில் உங்கள் பெயருக்கு எதிரில் எழுத அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் கை என்ன செய்தது என்று சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அனுபவம்

"சிறை அனுபவம் இல்லையே" என்று குறுகிப் போக வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைதிகளுக்கெனத் தனி வார்டு இருக்கிறது. வேறு ஊர்களில் வேலை பார்த்தவர்களும் கையில் விலங்கோடு கட்டிலில் ஒருவர், பக்கத்து நாற்காலியில் காவலர் என்று பார்த்திருப்பீர்கள். அந்த நோயாளியிடம் விவரம் கேட்டபோது, காவலரைக் காது கேட்காத தூரத்தில் நிற்கச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அது ஒரு நேர்காணல் பதில். பூச்சிமருந்து குடித்து வந்தவர்களைத் தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனைச் செவிலியரும் பார்த்திருப்பார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேலை பார்த்தவர்கள் அலரி விதை தின்று வந்தவர்களைப் பார்த்திருப்பார்கள். குழாய் போட்டு, மருந்து கொடுத்து, விடியும்வரை உட்கார்ந்து, அவர் கண் திறந்த பிறகு திட்டாமல் பேசியதைச் சொல்லுங்கள். ஆக்ட் கோப்பு பற்றிய கேள்விக்கு அதைவிட வலுவான பின்னணி வேறில்லை. யாருடைய பெயரையும் அடையாளத்தையும் மட்டும் சொல்லக் கூடாது.

சாவியும் நட்பும்

பாதுகாப்புப் பற்றிய கேள்விகளில் ஒரு வகை மென்மையாக வரும். "நீங்கள் நல்லா பார்த்துக்கிறீங்க சிஸ்டர், மத்தவங்க மாதிரி இல்ல. இந்தக் கடிதத்தை மட்டும் வெளியில போஸ்ட் பண்ணிடுங்க" என்று ஒரு நோயாளி கேட்கிறார். செய்வீர்களா? கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். குழு எதிர்பார்ப்பது அதற்குப் பிறகு வருவது: மரியாதையாக மறுக்கிறேன், அன்றே பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் அறிக்கை எழுதுகிறேன், மேலாளரிடம் சொல்கிறேன். சின்னச் சலுகையில் தொடங்கி, பிறகு அதையே வைத்து மிரட்டிப் பெரியதைச் செய்யவைப்பது சிறையில் பழைய வழி. கூச்சத்தாலும் குற்றவுணர்ச்சியாலும் வாய் மூடி இருப்பவரைத்தான் அது விழுங்கும். வீட்டு விலாசம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஃபேஸ்புக் எதையும் பேச்சில் விடாதீர்கள். எந்தச் சிறையிலாவது உறவினரோ தெரிந்தவரோ இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

வெளி மருத்துவமனைத் தேதியை நோயாளி கேட்டால்? சொல்லக் கூடாது. தப்பிக்கும் திட்டத்துக்கு அது உதவும். தேதி சொல்ல முடியாத காரணத்தை விளக்கி, பரிந்துரை போய்விட்டது, மறக்கப்படவில்லை என்று உறுதி சொல்லலாம். சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டது தெரிந்தால்? அந்த நொடியே சிறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது.

"குழந்தைக்குக் கொடுமை செய்தவரைக் கவனிக்க முடியுமா?" என்றும் கேட்பார்கள். மனதில் ஒன்றுமே தோன்றாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தோன்றும். யார் என்ன குற்றம் செய்தார் என்று தேடிப் பார்க்கும் வழக்கம் எனக்கு வேண்டாம், பாதுகாப்புக்குத் தேவையான தகவல் எனக்குச் சொல்லப்படும், கோபம் வந்தால் மேற்பார்வைச் சந்திப்பில் பேசுவேன், ரத்த அழுத்தத்தை அதே கவனத்தோடு எடுப்பேன் என்று சொல்லலாம். தண்டனையை நீதிமன்றம் கொடுத்தாயிற்று. மேற்கொண்டு ஒன்றைச் சேர்க்கச் செவிலியருக்கு உரிமையில்லை.

ரகசியம் பற்றியும் சம்மதம் பற்றியும் ஒரு கேள்வி இருக்கும். மருத்துவப் பதிவான சிஸ்டம்ஒன்னை அதிகாரிகள் பார்க்க முடியாது. உயிருக்கு ஆபத்து இருந்தால் தேவையான அளவு மட்டும் பகிரலாம். சிகிச்சையை மறுக்கும் உரிமை கைதிக்கும் உண்டு. முடிவெடுக்கும் திறனை 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி மதிப்பிட வேண்டும். மனநலச் சட்டத்தின் கட்டாயச் சிகிச்சை அதிகாரம் சிறைக்குள் செல்லாது, அதற்கு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இரவில் எத்தனை செவிலியர்? தனியாக நிற்க வேண்டி வருமா? சாவிப் பயிற்சியும் உயிர்காப்புப் பயிற்சியும் எந்த வாரத்தில்? டாக்டர் எழுதாமலே கொடுக்கக்கூடிய மருந்துகளுக்கான பி.ஜி.டி. பட்டியல் இருக்கிறதா? ஒரு மரணமோ தாக்குதலோ நடந்த மறுநாள் பணியாளரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். உடனே விவரமாகச் சொன்னால் நல்ல இடம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், வேலை கிடைத்தாலும் இருமுறை யோசியுங்கள்.

தனியார் நிறுவனமாக இருந்தால் என்.எச்.எஸ். ஓய்வூதியம் தொடருமா, நோய் விடுப்பு எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் நிறுவனம் ஸ்பான்சர் செய்யுமா என்பதை நேர்காணலுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் விசா மாற்றமும் முடியாமல் புது வேலையில் சேர முடியாது.

தேர்வானதாகச் சொன்ன பிறகும் காத்திருப்பு நீளும். டி.பி.எஸ். சோதனை தவிர சிறைத் துறை தனியாகப் பின்புலம் பார்க்கும். பிரிட்டனில் எத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்று அந்தச் சிறைக்கான நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருந்த எல்லா முகவரிகளையும் தேதியோடு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஹாஸ்டல், நண்பர் வீடு, ஊரில் இருந்த வாடகை வீடு உட்பட. ஊரிலிருந்து காவல் துறைச் சான்று கேட்டால் அது வரவே வாரங்கள் ஆகும். பின்புலச் சோதனை முடிந்து, தொடங்கும் தேதி எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.